ஊசிக்கு முன் அரை நிமிடம்



மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறவர் கையில் அட்டையாவது மிஞ்சுகிறது. பெயரைப் படிக்கலாம், காலாவதித் தேதியைப் பார்க்கலாம், வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் செல்போனில் தேடச் சொல்லலாம். ஊசி மருந்துக்கு அந்த வசதி இல்லை. குப்பி, பெட்டி, பெட்டிக்குள் மடித்து வைத்த தாள் மூன்றும் வார்டிலேயே தங்கிவிடுகின்றன. பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்த அந்தத் தாளைப் பிரித்துப் படிக்க அவசர சிகிச்சைப் பிரிவில் யாருக்கும் நேரம் கிடையாது. யார் உடம்புக்குள் மருந்து போகிறதோ, அவர் அதைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமல் வீடு திரும்புகிறார்.

இந்த உரை ஒரே ஒரு ஊசி மருந்தைப் பற்றியது. அதன் பெயர் அடினோசின். இதயம் திடீரென்று தறிகெட்டு ஓடும்போது அதை நிறுத்திச் சீர் செய்யப் போடப்படுவது. உடம்புக்குள் அது தங்கும் நேரம் சில வினாடிகள்தான். ஆனால் நோயாளி முழு விழிப்போடு இருக்கும்போதே போடப்படுவதால், அந்தச் சில வினாடிகளில் நடப்பது அத்தனையும் அவருக்குத் தெரியும். என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டவருக்கும் சொல்லப்படாதவருக்கும் அந்த அனுபவம் ஒன்றாக இருப்பதில்லை. அதைவிட முக்கியமானது இன்னொன்று: ஊசிக்கு முன் நோயாளி சொல்லும் இரண்டு மூன்று தகவல்கள், மருந்து பலிக்குமா, பலிக்காதா, கெடுதல் செய்யுமா என்பதையே மாற்றிவிடக்கூடியவை.

முதலில் நோய். ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கிறது. சிலருக்கு உட்கார்ந்த இடத்திலேயே அது 180, 200 என்று பாய்கிறது. தொடக்கமும் திடீர், முடிவும் திடீர். மருத்துவர்கள் இதைப் பிஎஸ்விடி என்று சுருக்கிச் சொல்வார்கள். இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்துடிப்பு இறங்கும் வழியில் ஏவி கணு என்ற சின்னஞ்சிறு திசு இருக்கிறது. அங்கேயோ அதற்கு வெளியிலோ சிலருக்குப் பிறவியிலேயே கூடுதலாக ஒரு பாதை அமைந்துவிடுகிறது. இறங்கிய மின்துடிப்பு அந்தப் பாதை வழியாக மேலேறி, மறுபடி இறங்கி, செக்கு மாடு போல அதே வட்டத்தில் சுற்றத் தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் இதயம் ஒரு முறை துடிக்கிறது.

இது அபூர்வ வியாதி இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மார்ஷ்ஃபீல்டு வட்டாரத்து மக்களிடம் நடத்திய ஆய்வு 1998-இல் வெளிவந்தது. ஆயிரம் பேருக்கு 2.25 பேர் என்பது அதன் கணக்கு. பெண்களுக்கு வரும் வாய்ப்பு ஆண்களைப் போல் இரு மடங்கு. பெண்கள் என்றதும் இன்னொரு கதையும் சேர்ந்துகொள்கிறது. 1997-இல் வெளியான வேறோர் அமெரிக்க ஆய்வில், பிஎஸ்விடி உறுதியான 107 பேரின் பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அவர்களில் 67 விழுக்காட்டினரின் அறிகுறிகள் பீதிநோய்க்கான இலக்கணத்துக்கும் பொருந்தின. பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் பரிசோதனையில் நோய் பிடிபடவே இல்லை. பதற்றம், மன அழுத்தம் என்று பெயர் சூட்டப்பட்டவர்களில் பெண்களே அதிகம். மருத்துவமனையை அடைவதற்குள் படபடப்பு நின்றுவிட்டால் இசிஜி சுத்தமாகத்தான் இருக்கும். "ஒன்றுமில்லை, பயம்தான்" என்று திருப்பி அனுப்பப்படும் கதை எந்த ஊருக்கும் புதிதல்ல. ஆகவே படபடப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்த இசிஜி தாள் ஒன்று, அந்த நோயாளிக்கு ஆயுள் முழுவதும் பயன்படும் ஆவணம்.

இனி மருந்து. அடினோசின் தொழிற்சாலையில் புதிதாக உருவாக்கப்பட்ட பொருள் அல்ல. எல்லோருடைய உயிரணுக்களிலும் அது எந்நேரமும் இருக்கிறது. 1929-இல் கேம்பிரிட்ஜில் ஆலன் டிரூரியும் ஹங்கேரியரான ஆல்பெர்ட் சென்ட்-ஜோர்ஜியும் இதயத் தசையிலிருந்து வடித்தெடுத்த சாற்றை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்தியபோது, இதயத் துடிப்பு மந்தமாவதைக் கண்டார்கள். அந்த வேலையைச் செய்தது அடினோசின் வகைச் சேர்மம் என்றும் கண்டறிந்தார்கள். சென்ட்-ஜோர்ஜி பின்னாளில், 1937-இல், வேறு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர். வைட்டமின் சி அவர் பெயரோடு சேர்ந்தது. அடினோசினோ அறுபது ஆண்டு காத்திருந்தது. அமெரிக்க மருந்து நிர்வாகம் பிஎஸ்விடிக்கு அதை அனுமதித்தது 1989 அக்டோபரில்தான். நரம்பு வழியாகப் போன சில வினாடிகளுக்குள் ஏவி கணுவின் வழியை அது அடைத்துவிடுகிறது. சுற்றிக்கொண்டிருந்த மின்துடிப்பு அங்கே முட்டி அணைந்துபோகிறது. அடைப்பு விலகியதும் இதயம் தன் இயல்பான தாளத்தில் மறுபடி தொடங்குகிறது. மருந்துடன் வரும் தாளில் உள்ள கணக்குப்படி, 6 மில்லிகிராமில் 60 விழுக்காட்டினருக்கும், தொடர்ந்து 12 மில்லிகிராம் வரை போட்டபோது மொத்தம் 92 விழுக்காட்டினருக்கும் தாளம் சீரானது.

இரத்தத்தில் இதன் பாதி அளவு கரைந்து மறைய ஆகும் நேரம் 10 வினாடிக்கும் குறைவு. சிவப்பணுக்களும் இரத்தக்குழாயின் உட்சுவரும் இதை உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. ஊசி போடும் முறையே இதனால் தலைகீழாகிறது. "மெதுவா போடுங்க சிஸ்டர்" என்று கேட்டுக்கொள்வது நம் ஊர் வழக்கம். பல மருந்துகளுக்கு அது நல்ல யோசனையும்கூட. அடினோசினை மெதுவாகப் போட்டால் இதயத்தை எட்டும் முன்பே அது தீர்ந்துபோகும். புறங்கையின் மெல்லிய நரம்பும் இதற்கு உதவாது. முழங்கை மடிப்பில் உள்ள பெரிய நரம்பில் வென்ஃப்ளான் என்ற மெல்லிய குழாயைப் பொருத்தி, ஒன்றிரண்டு வினாடிக்குள் மருந்தைத் தள்ளி, கையோடு 20 மில்லி சலைனையும் வேகமாகத் தள்ளிக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். இரண்டு செவிலியர் ஓடிவந்து அவசர அவசரமாக ஏதோ செய்கிறார்களே என்று கூட வந்தவர்கள் கலங்க வேண்டாம். இந்த மருந்துக்கு வேகம்தான் முறை.

அடுத்து வருவதுதான் யாரும் எச்சரிக்காத கட்டம். மருந்து போனதும் முகம் குப்பென்று சூடாகிச் சிவக்கும். நெஞ்சில் பாரம் வைத்து அழுத்தியதுபோல் இருக்கும். மூச்சு முட்டும். சிலருக்கு "இதோ செத்துவிடப் போகிறேன்" என்ற உணர்வே வந்துவிடும். மருத்துவ நூல்களே இதைத் தனியாகக் குறித்து வைத்திருக்கின்றன. மருந்துத் தாளில் முகச் சிவப்பு 18, மூச்சுத் திணறல் 12, நெஞ்சழுத்தம் 7 விழுக்காடு என்று அடக்கமாக அச்சாகியிருக்கிறது. அவசரப் பிரிவில் வேலை செய்கிறவர்களைக் கேட்டால், ஒன்றுமே உணராத நோயாளிதான் அரிது என்பார்கள். அதே வேளையில் மானிட்டரில் ஓடிக்கொண்டிருந்த கோடு சில வினாடி தட்டையாகிவிடும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கட்டிலோரம் நிற்கும் மகனுக்கோ மகளுக்கோ அது தெரியாது. சினிமாவில் தட்டைக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்பது மட்டும் தெரியும். தாளம் திரும்பும்போது புதிதாகச் சில ஒழுங்கற்ற துடிப்புகள் தோன்றுவதும் உண்டு. பாதிக்கும் மேற்பட்டோருக்கு அப்படி நேர்கிறது. பெரும்பாலும் சில வினாடிகளில் தானாக அடங்கிவிடும்.

இதை முன்னதாகச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "அம்மா, இப்ப ஒரு ஊசி போடப்போறோம். போட்டதும் நெஞ்சை அழுத்துற மாதிரி இருக்கும், மூச்சு அடைக்கும், உயிரே போற மாதிரி தோணும். அரை நிமிஷத்துல சரியாயிடும். நாங்க பக்கத்துலயேதான் இருக்கோம்." நிதானமாகச் சொன்னாலும் இருபது வினாடிதான். மருந்தை ஊசிக்குழலில் ஏற்றும்போதே சொல்லிவிடலாம். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. அடுத்த முறை படபடப்பு வரும்போது, அந்த ஊசிக்குப் பயந்து வீட்டிலேயே படுத்துக்கிடக்கத் தோன்றும். செய்ய வேண்டிய சிகிச்சையிலிருந்து ஒருவரைத் துரத்துவதும் மருந்தின் பக்கவிளைவுதான், எந்தத் தாளிலும் அச்சாகாத பக்கவிளைவு.

ஊசிக்கு முந்தைய அந்த அரை நிமிடத்தில் நோயாளி பேசவும் வேண்டும். முதலில் சொல்ல வேண்டியது ஆஸ்துமா. அடினோசின் மூச்சுக்குழாயை இறுக்கக்கூடியது. இழுப்பு உள்ளவர்களுக்கும், அப்போது மூச்சுக்குழாய் சுருங்கியிருப்பவர்களுக்கும் இதைத் தவிர்க்க வேண்டும் என்பது தெளிவான எச்சரிக்கை. அவர்களுக்கு வெராபமில், டில்டியாசம் போன்ற வேறு ஊசிகள் பற்றி மருத்துவர் யோசிப்பார். படபடப்புக்காக வந்தவரிடம் இழுப்பு பற்றிக் கேட்க மறந்துபோவது எளிது. இன்ஹேலர் கைப்பையிலேயே இருக்கும், வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தியாவுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இதில் இருக்கிறது. இழுப்புக்கு டெரிபிளின் சாப்பிடுவது இங்கே பல வருடப் பழக்கம். எட்டோபிலினும் தியோபிலினும் சேர்ந்த மருந்து அது. அடினோசின் எந்த ஏற்பியில் போய் ஒட்ட வேண்டுமோ, அந்த இடத்தைத் தியோபிலின் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். அப்போது 6 மில்லிகிராம் போட்டும் பலன் இல்லை, 12 போட்டும் பலன் இல்லை என்று ஆகலாம். இதயத் துடிப்பைக் கூட்டும் குணமும் தியோபிலினுக்கு உண்டு. ஆக, அந்த மாத்திரையைச் சாப்பிட்டு வந்த ஆஸ்துமாக்காரருக்கு அடினோசின் இரண்டு விதத்திலும் பொருந்தாத மருந்து: பலிப்பதும் சந்தேகம், போடுவதும் ஆபத்து. "மூச்சுக்கு ஒரு வெள்ளை மாத்திரை" என்று சொல்வதைவிட அட்டையை எடுத்து நீட்டுவது மேல்.

காப்பியும் தேநீரும் இதே குடும்பம்தான். காஃபீன் தியோபிலினின் நெருங்கிய உறவு. அதே ஏற்பியைத்தான் அதுவும் மறிக்கிறது. ஊசிக்கு முந்தைய நான்கு மணி நேரத்துக்குள் காஃபீன் எடுத்தவர்களிடம் 6 மில்லிகிராம் அடினோசினின் பலன் குறைகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வொன்று 2010-இல் காட்டியது. யாராவது படபடப்பு என்று உட்கார்ந்தால், சூடாக ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கையில் கொடுப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் முதலுதவி. அன்பால் செய்வதுதான், ஆனாலும் அன்றைக்கு வேண்டாம். குடித்தாயிற்று என்றால் மறைக்கத் தேவையில்லை. எப்போது குடித்தது என்று சொன்னால் போதும். மருத்துவர் அளவைத் தீர்மானிக்க அது உதவும்.

எதிர்த்திசையில் போகும் மருந்துகளும் இருக்கின்றன. இரத்தம் உறையாமலிருக்கத் தரும் டைபிரிடமோல், அடினோசினை உயிரணுக்கள் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. அதனால் சிறிய அளவே பெரிய வேலை செய்துவிடும். வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் தரப்படும் கார்பமாசெபின், இதய அடைப்பை ஆழப்படுத்தக்கூடும். மாற்று இதயம் பொருத்தியவர்களிடம் இந்த மருந்தின் தாக்கம் அதிகம். இவர்களுக்கு 6-க்குப் பதில் 3 மில்லிகிராமில் தொடங்கச் சொல்கின்றன அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதல்கள். இதய மின்கடத்தலில் ஏற்கெனவே இரண்டாம், மூன்றாம் நிலை அடைப்பு உள்ளவர்களுக்குப் பேஸ்மேக்கர் இல்லாமல் இதைப் போடவே கூடாது. கர்ப்பிணிகள் பயப்பட வேண்டியதில்லை. இவ்வளவு சீக்கிரம் மறைந்துவிடும் மருந்து என்பதால், கர்ப்ப காலத்தில் பிஎஸ்விடி வந்தால் முதலில் தேர்ந்தெடுக்கப்படும் ஊசி இதுதான்.

மிகப் பெரிய ஆபத்து ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். 1930-இல் வுல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் என்ற மூன்று மருத்துவர்கள் விவரித்ததால் அவர்கள் பெயராலேயே டபிள்யூபிடபிள்யூ என்று அழைக்கப்படும் கோளாறு உண்டு. ஏவி கணுவைத் தவிர்த்து, மேலறைக்கும் கீழறைக்கும் நேரடியாக ஒரு குறுக்குப் பாதை இருக்கும் நிலை அது. அப்படிப்பட்டவருக்கு மேலறை ஒழுங்கின்றி அதிரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்திருக்கும்போது அடினோசின் போட்டால், ஏவி கணு அடைபட்டு, அத்தனை அதிர்வும் குறுக்குப் பாதை வழியே கீழறைக்குள் பாயும். இதயம் வெறுமனே நடுங்கி நின்றுபோகும் நிலைக்கு அது இட்டுச்செல்லலாம். பிஎஸ்விடிக்காக அடினோசின் போடப்பட்டவர்களில் சுமார் 12 விழுக்காட்டினருக்கு அந்த மருந்தே சற்று நேரம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைத் தூண்டியதாக 1997-இல் ஓர் ஆய்வு சொன்னது. பெரும்பாலோருக்கு அது தொல்லை இல்லாமல் நின்றுவிடும். குறுக்குப் பாதை உள்ளவருக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. எனவே மானிட்டரும் ஷாக் கொடுக்கும் கருவியும் கட்டிலருகே தயாராக இல்லாத இடத்தில் இந்த ஊசி போடப்படக் கூடாது. தெருமுனைக் கிளினிக்கில் "ஒரு ஊசி போட்டால் நின்றுவிடும், போட்டுவிடுங்கள்" என்று வற்புறுத்துவோர் இதை மனதில் கொள்வது நல்லது. 108-ஐ அழைப்பதே சரி.

மருத்துவமனை தன் பக்கம் பார்க்க வேண்டியவையும் உண்டு. பல ஊசி மருந்துகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார்கள். அடினோசினை வைத்தால் படிகமாக உறைந்துவிடும். அறை வெப்பத்தில்தான் இருக்க வேண்டும். போடும்போது கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும். அவசரத்துக்கான சிறிய குப்பியில் 2 மில்லியில் 6 மில்லிகிராம் இருக்கிறது. இதே மருந்து, நடக்க முடியாதவர்களுக்கு இதய ஸ்கேன் எடுக்கும்போது சொட்டாக ஏற்றவும் பயன்படுகிறது. அதற்கான குப்பிகளில் 60, 90 மில்லிகிராம் வரை இருக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து அடுக்குவது விபத்தை வரவழைப்பதாகும். அந்த ஸ்கேன் பயன்பாட்டில் அரிதாக மாரடைப்பும் மரணமும் நேர்ந்ததால், நெஞ்சுவலி அடங்காதவர்களுக்குத் தரவேண்டாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013 நவம்பரில் எச்சரித்தது.

அடினோசின் சில வினாடிகளில் மறைகிறது. இதயத் தாளத்துக்கான எல்லா ஊசிகளும் அப்படியல்ல. அமியோடரோன் இதற்கு நேர் எதிர். அயோடின் நிறைந்த அந்த மருந்தைத் தொடர்ந்து எடுத்தவர்கள் உடம்பிலிருந்து அது பாதியாகக் குறைய வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். ஊசியாக ஏற்றும்போது இரத்த அழுத்தம் இறங்குவதுதான் முதல் கவலை.   

ஊசியே தேவைப்படாமலும் போகலாம். மூக்கையும் வாயையும் மூடி முக்கும் பழைய முறைக்கு இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதி மருத்துவமனைகளில் ஒரு சிறு திருத்தம் செய்து பார்த்தார்கள். நோயாளியைச் சாய்வாக உட்காரவைத்து, 15 வினாடி முக்கி ஊதச் சொன்னார்கள். ஊதி முடித்ததும் உடனே மல்லாக்கப் படுக்கவைத்து, கால்கள் இரண்டையும் 45 பாகைக்கு உயர்த்தி 15 வினாடி பிடித்துக்கொண்டார்கள். 428 பேரிடம் செய்த இந்த ஆய்வு 2015-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. பழைய முறையில் 17 விழுக்காட்டினருக்கே தாளம் திரும்பியது, புதிய முறையில் 43 விழுக்காட்டினருக்கு. 10 மில்லி ஊசிக்குழலின் முனையில் வாய் வைத்து, உள்தண்டு சற்றே நகரும் அளவுக்கு ஊதினாலே போதும் என்பதால், செலவு ஒரு ஊசிக்குழல் மட்டும். இத்தனை மலிவான சிகிச்சையை எல்லா அவசரப் பிரிவும் முதலில் முயலாதிருப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் தென்படவில்லை. ஏற்கெனவே நோய் உறுதியானவர்கள் மருத்துவரிடம் கற்றுக்கொண்டு வீட்டிலும் செய்யலாம். கழுத்து இரத்தக்குழாயை அழுத்துவதும் கண்ணை அழுத்துவதும் வீட்டில் கூடவே கூடாது. முதலாவது வயதானவர்களுக்குப் பக்கவாதம் தரலாம், இரண்டாவது பார்வையைக் கெடுக்கலாம்.

ஊசி பலித்து வீடு திரும்பும்போது கேட்டு வாங்க வேண்டியவை சில. படபடப்பின்போது எடுத்த இசிஜி, மருந்து போகும்போது ஓடிய தாள், பிறகு எடுத்த இசிஜி ஆகியவற்றின் நகல்கள் முதலில். எவ்வளவு மில்லிகிராமில் நின்றது என்ற குறிப்பு அடுத்தது. டபிள்யூபிடபிள்யூ என்று தெரிந்தால் அதைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். இதய மின்னியல் நிபுணர் இந்தத் தாள்களைப் பார்த்தே கூடுதல் பாதையைத் தேடுவார். கம்பி வழியாகச் சூடேற்றி அந்தப் பாதையைக் கருக்கிவிடும் அப்லேஷன் சிகிச்சை, பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் நோயை நிரந்தரமாகத் தீர்க்கிறது.

மருந்தால் ஏதேனும் கெடுதல் நேர்ந்திருந்தால், அதை மருத்துவர்தான் அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2010 முதல் இயங்கும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. நோயாளியோ அவர் வீட்டாரோ நேரடியாகப் பேசலாம். பொதுமக்கள் நிரப்புவதற்கான படிவம் தமிழிலும் இருக்கிறது.